ஏரிக்குள் போனதாக நம்பிய கல்லறை: கிழக்கு டென்னசிக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரில், டென்னசி மாநிலத்தின் கிழக்குப் பக்கம் யூனியன் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு பகுதி. 1933 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் பிறந்தது. உள்ளூரில் எல்லோரும் அதை டி.வி.ஏ. என்றுதான் சொல்வார்கள். அது கட்டிய முதல் அணை, கிளிஞ்ச் ஆற்றின் குறுக்கே உள்ள நாரிஸ் அணை. 1933 அக்டோபரில் வேலை தொடங்கி, 1936 மார்ச்சில் மதகுகளை மூடினார்கள். அதற்குள் ஐந்து கவுண்டிகளில் ஏறக்குறைய 2,900 குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டன. லாயிஸ்டன் என்ற ஊர் நீருக்குள் போனது. 5,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி மேட்டு நிலங்களுக்கு மாற்றினார்கள்.

இந்த ஆய்வு அப்படி வெளியேறிய ஒரு குடும்பத்தைப் பற்றியது. நாக்ஸ்வில்லில் குடியிருக்கும் நான், குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு உதவும் ஒரு சிறு தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களையும் அவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கின் பெயரையும் விட்டுவிட்டேன்.

உறவுமுறையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்களிடம் வந்தவர் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டனில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. இனி 'மகள்' என்கிறேன். அவருடைய அம்மா 1930-ல் யூனியன் கவுண்டியில் பிறந்தவர், இவர் 'தாயார்'. தாயாரின் அப்பாவுக்கு ஓர் அண்ணன் உண்டு. அந்தப் பெரியப்பாவின் மகன் 1926-ல் பிறந்தவர், இவர் 'அண்ணன்'. 1940-களிலிருந்து இந்த இரண்டு வீடுகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கொண்டுவந்த மூன்று செய்திகள்

2022 வசந்த காலத்தில் மகள் எங்களிடம் வந்தார். அந்த ஏப்ரலில்தான் 1950-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டிருந்தது. அதில் தாத்தா பெயரைப் பார்த்ததும் தேடும் ஆசை வந்துவிட்டது என்றார். தாயாருக்கு அப்போது 92 வயது. நினைவு தெளிவாக இருந்தது, உடம்புதான் தளர்ந்திருந்தது.

தாயார் வாழ்நாள் முழுவதும் மூன்று விஷயங்களைச் சொல்லிவந்திருக்கிறார். அப்பாவைப் பெற்ற பாட்டியின் கல்லறை, அணை தேக்கிய நாரிஸ் ஏரிக்கு அடியில் இருக்கிறது. அரசாங்கம் கதவில் ஒரு காகிதத்தை ஆணியடித்துவிட்டு, எண்பது ஏக்கரைச் சும்மா பிடுங்கிக்கொண்டது. பாட்டியின் அம்மா முழு செரோக்கி இனத்தவர், அதாவது அமெரிக்கப் பூர்வகுடி. 1838-ல் செரோக்கி மக்களைப் படை வைத்து மேற்கே விரட்டியபோது ஒரு குகையில் ஒளிந்து தப்பியவர்.

மகளின் கேள்வி எளிமையானது: இவற்றில் எது உண்மை?

முதல் முடிவு: காகிதத்துக்கு முன் குரல்

வழக்கமாக இந்தப் பகுதியில் தேடுபவர்கள் நேராகக் கணக்கெடுப்புப் பட்டியல்களுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் அதைத் தள்ளிவைத்தோம். காகிதத்தில் கிடைத்ததை ஒருமுறை பெரியவர்களிடம் சொல்லிவிட்டால், அவர்கள் நினைவு அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். பழையபடி அதை மீட்கவே முடியாது. காகிதம் இன்னும் சில மாதங்கள் காத்திருக்கும். 92 வயதுக்காரரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பதிவு செய்யும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தோம். தாயார் சொல்லும் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் அது கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா, கேட்டது என்றால் யார் சொல்லி, எந்த வயதில், எந்த ஊரில் என்று குறித்துக்கொண்டோம். இது பேச்சை அடிக்கடி நிறுத்தும். மகளுக்கே சலிப்பு தட்டியது. ஆனாலும் விடவில்லை. இந்த நிகழ்வில் மற்ற எல்லாமே அந்தக் குறிப்பை நம்பித்தான் நின்றன.

பெரிய கேள்விகளோடு தொடங்காமல், வீட்டை வரையச் சொன்னோம். அவர் கோடு போடப் போட நினைவு வந்தது. அடுப்படி, பன்றி இறைச்சியை உப்பிட்டுத் தொங்கவிடும் புகைக்கொட்டில், பர்லி புகையிலை காய்ந்த கொட்டகை, ஊற்றின் மேல் கல்லால் கட்டிய சிறு அறை. அந்த அறையில் ஓடும் குளிர்ந்த நீரில் பால் ஜாடிகளை இறக்கி வைப்பார்களாம். லூயிஸ் ஹைன் 1933-ல் டி.வி.ஏ.வுக்காக இதே வட்டாரத்தில் எடுத்த புகைப்படங்கள் எங்களிடம் இருந்தன. அவற்றை முதல் பதிவு முடியும் வரை அவர் கண்ணில் காட்டவில்லை.

வரைந்துகொண்டிருக்கும்போதுதான் அவர் இதைச் சொன்னார்: "அப்பா மண்வெட்டியோட மேட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கொழுப்பு வாளி நிறைய செடி. பாட்டியோட பியோனின்னு சொன்னார். அம்மா அதை ஈரச் சாக்குல சுத்தினாங்க." பன்றிக் கொழுப்பு வாங்கும் தகர வாளியைத்தான் அவர் கொழுப்பு வாளி என்றார். பியோனி இங்கே மே மாதம் பூக்கும். கல்லறைகளில் விரும்பி நடும் பூ. இது கண்ணால் கண்டது, வயது ஐந்து.

"பாட்டி தண்ணிக்கு அடியில" என்ற செய்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தார். அக்கா சொன்னது, டேட்டனில், அம்மா செத்த சமயத்தில் என்றார். அப்பா சொன்னாரா? நினைவில்லை. அதையும் அப்படியே எழுதிக்கொண்டோம்.

கல்லறை

டென்னசியில் மாநில அளவிலான பிறப்பு இறப்புப் பதிவு 1908-ல் தொடங்கி, 1913-ல் நின்று, 1914-லிருந்து தொடர்கிறது. பாட்டி இறந்தது 1931. எனவே இறப்புச் சான்றிதழ் இருந்தாக வேண்டும், இருந்தது. புதைத்த இடம் என்ற கட்டத்தில் ஒரு குடும்ப இடுகாட்டின் பெயர். தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் மூத்த மகனின், அதாவது பெரியப்பாவின் பெயர்.

டி.வி.ஏ. தண்ணீர் ஏறவிருந்த ஒவ்வோர் இடுகாட்டையும் கணக்கெடுத்து, கல்லறை கல்லறையாகப் பதிவு வைத்தது. நெருங்கிய உறவினர் யார், மாற்ற விரும்புகிறாரா, மாற்றினால் எங்கே என்ற விவரம் அதில் இருக்கும். உறவினர் வேண்டாம் என்றால் கல்லறையை அப்படியே விட்டுவிடுவார்கள். பாட்டியின் பெயரில் தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. இடுகாட்டின் பெயரை வைத்து அதிலிருந்த எல்லாப் பதிவுகளையும் வரிசையாகப் படித்தபோதுதான் அகப்பட்டது. அவர் சொந்தப் பெயரில் இல்லை; 'திருமதி' என்று போட்டு, கணவரின் முதலெழுத்துகளோடு பதிவாகியிருந்தார். இந்த ஊர்ப் பெண்களைத் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது என்பேன். கணவர் பெயருக்குப் பின்னால் ஒரு தலைமுறையே மறைந்து கிடக்கிறது.

பதிவு சொன்னது: 1935-ல் தோண்டி எடுக்கப்பட்டு, அதே கவுண்டியில் உயரமான இடத்தில் அமைந்த ஓர் இடுகாட்டில், இன்ன வரிசையில் இன்ன எண்ணில் மறுபடி அடக்கம். சம்மதம் தந்தவர் பெரியப்பா. ஆக, பாட்டி ஏரிக்குள் இல்லை.

இரண்டாவது முடிவு: பேச்சில்லாத வீட்டுக்குப் போவது

இங்கே மகள் தயங்கினார். கையெழுத்துப் போட்டவரின் மகன் உயிரோடு இருந்தார். நாக்ஸ்வில்லுக்குப் பக்கத்திலேயே 96 வயதில். அம்மாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்பது மகளின் கவலை. பதிவு கையில் இருக்கும்போது அவர் எதற்கு என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பதிவு ஓர் எண்ணை மட்டுமே தருகிறது. அன்று நின்று பார்த்த ஒருவர் இருக்கும்போது அவரைக் கேட்காமல் விடுவது சரியாகப் படவில்லை. கடைசியில் மகளே ஃபோன் செய்தார்.

அண்ணனிடமும் பதிவில் இருந்ததைச் சொல்லாமலே கேட்டோம். பாட்டி எங்கே என்று கேட்டதும், "மேல, புது இடுகாட்டுல. வேற எங்க?" என்றார். ஏரிக்கடியில் என்று ஒரு வீடே நம்பிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

அவருக்கு அப்போது ஒன்பது வயது. "நாலு பேர் தோண்டினாங்க. புதுப் பெட்டி ரொம்பச் சின்னதா இருந்துச்சு. அப்பா என்னைத் திரும்பி நில்லுன்னார். நான் திரும்பல." பெட்டி லாரியில் ஏறியதையும், தன் அப்பா தொப்பியைக் கழற்றி நின்றதையும் சொன்னார். அப்புறம், நாங்கள் கேட்காமலே: "சித்தப்பா பாட்டியோட பியோனியைத் தோண்டி எடுத்தார். பாதியை அவர் வாளியில போட்டுக்கிட்டார், பாதியை எங்க அப்பா மேல கொண்டுபோய் நட்டார்."

பேச்சே இல்லாத இரண்டு வீடுகளில், எழுபது ஆண்டுக்கு மேல் ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு பேர், ஒரே வாளியை நினைவு வைத்திருந்தார்கள். தாயாரின் அப்பா அன்று அந்த மேட்டில் இருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவையில்லை. கல்லறை மாறியது அவருக்குத் தெரியும். பிள்ளைகளிடம் பொய் சொன்னார் என்று முடிவுகட்ட மகள் தயாராகிவிட்டார். அப்போதுதான் முதல் பதிவில் நாங்கள் எழுதிய குறிப்பை எடுத்துக் காட்டினோம்: சொன்னது அப்பா அல்ல, அக்கா. அந்த அக்காவுக்கு யார் சொன்னது என்று இனி கேட்க வழியில்லை. ஆனால் செத்துப்போன மனிதர் மேல் இல்லாத பழி விழாமல் அந்த ஒரு வரி காத்தது.

நிலம்

டி.வி.ஏ. வெளியேற்றிய ஒவ்வொரு குடும்பத்தையும் பேட்டி கண்டு படிவம் நிரப்பியது. வீட்டில் யார் யார், எத்தனை மாடு, என்ன பயிர், எங்கே போக எண்ணம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்லாண்டா கிளையில் உள்ளன. தாயாரின் அப்பா பெயரில் ஒரு கோப்பு கிடைத்தது. நிலவுடைமை என்ற இடத்தில் 'வாரத்துக்குப் பயிரிடுபவர்' என்று இருந்தது, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தில் உழுபவர்.

எண்பது ஏக்கரும் பெரியப்பா பெயரில். 1920-களில் பாட்டியின் கணவர் எழுதிக்கொடுத்த பத்திரம் அதற்குக் காரணம் சொன்னது: பெற்றோர் இருவரையும் சாகும் வரை வைத்துச் சோறு போட வேண்டும், அதற்குப் பதிலாக நிலம் மூத்தவனுக்கு. அப்பலாச்சிய மலைகளில் இப்படிப் பத்திரங்கள் அபூர்வமில்லை. தம்பி அந்த நிலத்திலேயே வாரத்துக்கு உழுதார். அணை வந்தபோது விலை நிலத்துக்காரருக்குப் போனது. வாரத்துக்கு இருந்தவர்களுக்கு நிலத்துக்கான பணம் கிடையாது. பெரியப்பா வீட்டில் 'எங்களுக்கே கொஞ்சம்தான் கொடுத்தான்' என்று சொல்லி வளர்ந்தார்கள். சித்தப்பா வீட்டில் 'எல்லாத்தையும் சும்மா பிடுங்கினான்' என்று சொல்லி வளர்ந்தார்கள். இரண்டும் அவரவர் நின்ற இடத்திலிருந்து உண்மை. ஒரு காசும் வாங்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பியவர் சும்மா பிடுங்கினார்கள் என்று சொன்னதில் என்ன தவறு?

கதவில் அடித்த காகிதம்தான் இடித்தது. டி.வி.ஏ. நிலத்துக்காரர்களிடம் ஆள் அனுப்பி விலை சொல்லி வாங்கியது. நாங்கள் தாயாரிடம் காகிதத்தைப் பற்றி மட்டும் மறுபடி கேட்டோம். அதைத் தானே வாசித்ததாகச் சொன்னார். ஐந்து வயதில் வாசித்திருக்க முடியாது. குடும்பம் யூனியன் கவுண்டியிலிருந்து ஆண்டர்சன் கவுண்டிக்குப் போனது. 1942-ல் அணுகுண்டுத் திட்டத்துக்காக ராணுவம் அங்கே ஓக் ரிட்ஜ் நகருக்கு நிலம் எடுத்தபோது, பல வீடுகளில் கதவிலேயே அறிவிப்பை அடித்துவிட்டுப் போனார்கள்; சில வாரங்களில் காலி செய்ய வேண்டும். அப்போது தாயாருக்கு 12 வயது. நாரிஸில் ஒருமுறை, ஓக் ரிட்ஜில் மறுமுறை என இரண்டு முறை வேரறுந்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் பல உண்டு. தாயார் மனதில் இரண்டு வெளியேற்றங்களும் ஒன்றாகிவிட்டன. காகிதம் உண்மை, ஆண்டு மட்டும் வேறு.

செரோக்கிக் கதை

கிழக்கு டென்னசியில் 'எங்கள் பாட்டி செரோக்கி' என்று சொல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். செரோக்கி மக்களுக்கு இது லேசான விஷயமில்லை. யார் தங்கள் மக்கள் என்பதை அவர்களே பட்டியல் வைத்து, வம்சாவளி பார்த்து முடிவு செய்கிறார்கள். அதனால் இதைப் பொழுதுபோக்குக் கதைபோல விட்டுவிட எங்களுக்கு மனமில்லை.

கொள்ளுப்பாட்டியின், அதாவது பாட்டியின் அம்மாவின், கணவர் உள்நாட்டுப் போரில் ஒன்றியப் படையில் இருந்தவர். நாடு பிரியக் கூடாது என்று போரிட்ட வடக்கின் படை அது. டென்னசி பிரிவினைப் பக்கம் போனாலும் மாநிலத்தின் கிழக்குப் பகுதி 1861 ஜூன் வாக்கெடுப்பில் பிரிவினைக்கு எதிராக நின்றது. இந்த மலைகளிலிருந்து நிறையப் பேர் ஒன்றியப் படைக்குப் போனார்கள். 1890 கணக்கெடுப்பு ஏறக்குறைய முழுவதும் 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்துக்குப் பின் இல்லாமல் போனது. ஆனால் அதே ஆண்டு எடுத்த ஒன்றியப் படைவீரர் பட்டியல் டென்னசிக்குத் தப்பியிருக்கிறது. அதில் அவர் பெயர் இருந்தது. அங்கிருந்து விதவை ஓய்வூதியக் கோப்புக்குப் போனோம். கொள்ளுப்பாட்டி சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலம் அதில் இருக்கிறது: பிறந்தது 1840-களில், வர்ஜீனியாவின் லீ கவுண்டியில். 1850 கணக்கெடுப்பில் அங்கே பெற்றோருடன் வெள்ளையராகப் பதிவாகியிருக்கிறார். 1838-ல் குகையில் ஒளிந்தவர் இவராக இருக்க முடியாது.

அடுத்தது எதிர்பாராதது. 1906-ல் அமெரிக்க உரிமைக்கோரல் நீதிமன்றம் கிழக்குச் செரோக்கியருக்குச் சேர வேண்டிய பணத்தைப் பகிர்ந்தளிக்க உத்தரவிட்டது. அதற்கு விண்ணப்பிக்க 1907 ஆகஸ்ட் இறுதி வரை காலம் இருந்தது. ஏறக்குறைய 46,000 விண்ணப்பங்கள் குவிந்தன. கையன் மில்லர் என்ற சிறப்பு ஆணையர் அவற்றைப் பரிசீலித்தார். அந்தக் குவியலில் பாட்டியின் அண்ணனும் இருந்தார். முன்னோர் யாரும் செரோக்கியர் பெயர்களை எடுத்த 1835, 1851 பட்டியல்களில் இல்லை என்று விண்ணப்பம் தள்ளுபடியானது.

தள்ளுபடியான அந்தப் படிவம்தான் எங்களுக்குக் கிடைத்த மிகச் செழிப்பான காகிதம். பெற்றோர், இரு பக்கத் தாத்தா பாட்டி, அவர்கள் பிறந்த இடம், மாமன் அத்தை பெயர்கள் என எல்லாவற்றையும் அது கேட்கிறது, அவரும் நிரப்பியிருக்கிறார். குடும்பத்தில் யாருமே அறியாத பெயர்கள் அதில் வந்தன. இன்னொன்றும் தெரிந்தது. 1907-ல் அவர் தன் அம்மாவைச் செரோக்கி என்று சொல்லவில்லை. அம்மாவின் அம்மாவை 'இந்தியர் என்று எப்போதும் சொல்வார்கள்' என்று எழுதியிருக்கிறார். 1838-ல் உயிரோடிருந்த தலைமுறை அதுதான். பின்னால் வந்தவர்கள் கதையை ஒரு தலைமுறை கீழே இறக்கிவிட்டார்கள்.

தாயார் டி.என்.ஏ. சோதனைக்குச் சம்மதித்தார். கொள்ளுப்பாட்டி முழு செரோக்கி என்றால் தாயாரிடம் சராசரியாக எட்டில் ஒரு பங்கு தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. நிறுவனங்கள் தரும் இனக் கணிப்பு தோராயமானதுதான். ஆனால் எட்டில் ஒரு பங்கு கண்ணில் படாமல் போவது கடினம்.

மூன்றாவது முடிவு: யார் சொல்வது

கல்லறை விஷயத்தைத் தாயாரிடம் சொல்லாமலே விடலாமா என்று மகள் கேட்டார். நாங்கள் சொல்லலாம் என்றோம். ஆனால் காகிதத்தைக் காட்டிச் சொல்ல வேண்டாம் என்றோம். நிலத்தைப் பிடுங்கியவர்கள் எழுதிவைத்த தாள் என்று அவர் அதைத் தூக்கி எறியக்கூடும். நின்று பார்த்த அண்ணன் சொன்னால் காதில் ஏறும்.

அண்ணன் ஃபோனில் சொன்னார். தாயார் பதில் பேசாமல் ஃபோனை வைத்துவிட்டார். மகள் பதறிப்போனார். இரண்டு நாள் கழித்துத் தாயாரே கூப்பிட்டு, யார் கையெழுத்துப் போட்டது, தன் அப்பாவைக் கேட்டார்களா என்று விசாரித்தார். அண்ணன் தெரிந்ததை மட்டும் சொன்னார். அன்று அவர்கள் வெகுநேரம் பேசியதாக மகள் எழுதினார்.

செரோக்கிக் கதையைத் தாயார் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. குடும்பப் புத்தகத்திலிருந்து அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, அவர் பெயரும் தேதியும் போட்டு அச்சிட்டு, எதிர்ப்பக்கத்தில் 1850 கணக்கெடுப்பு, ஓய்வூதியக் கோப்பு, 1907 விண்ணப்பம் மூன்றையும் வைத்தோம். குடும்பத்தில் செரோக்கி வம்சம் என்று எங்கும் எழுதவில்லை. வாசித்துவிட்டு, தன் பேச்சை மாற்றாமல் போட்டதற்கு நன்றி என்றார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அதன் பின்

இங்கே மே, ஜூன் மாதங்களில் டெக்கரேஷன் டே வரும். குடும்ப இடுகாட்டைச் செதுக்கிச் சுத்தம் செய்து, பூ வைத்து, பிரார்த்தனை முடிந்து, மரத்தடியில் மேசை போட்டு எல்லோரும் சாப்பிடுவார்கள். 2023 மே மாதம் தாயாரை டேட்டனிலிருந்து காரில் அழைத்துவந்தார்கள். பாட்டி கல்லறையில் எழுத்தில்லாத வயற்கல்தான் நின்றது. வரிசை எண்ணை வைத்து இடத்தை உறுதி செய்தோம். பக்கத்தில் பியோனி இருந்தது. அது அதே செடியா என்று யாராலும் சொல்ல முடியாது. தாயார் அதே செடி என்றார், குறிப்பில் அவர் சொன்னதாகவே எழுதினோம்.

இரண்டு வீட்டாரும் சேர்ந்து பெயர் பொறித்த கல் வைத்தார்கள். பாட்டியின் சொந்தப் பெயரும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் அதில் இருக்கின்றன. அண்ணன் அடுத்த குளிர்காலத்தில் இறந்தார். நிலத் தகராறு முழுவதும் தீரவில்லை. தாயாரின் அக்கா மகன் ஒருவர், பத்திரம் ஏமாற்றி வாங்கியது என்று இன்னும் சொல்கிறார். அவர் பேச்சையும் பதிவு செய்திருக்கிறோம்.

இனி மாற்றிச் செய்பவை

டி.என்.ஏ. சோதனைக்கு முன், முடிவில் எதிர்பாராத உறவு வெளிப்பட்டால் யாரிடம் சொல்வது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குகிறோம். இந்தக் குடும்பத்தில் அப்படி எதுவும் வரவில்லை என்றாலும், வந்திருந்தால் எங்களிடம் வழிமுறை இல்லை.

பேச்சில்லாத கிளையை முதல் மாதத்திலேயே கேட்கச் சொல்கிறோம். காகிதம் தேடி அலைவதைவிட அது மனதுக்குக் கடினம், தெரியும். ஆனால் வயது யாருக்காகவும் நிற்காது.

பெண்களைத் தேடும்போது கணவர் முதலெழுத்து, தந்தை பெயர், சகோதரர் விண்ணப்பம் என்ற மூன்று வழியிலும் போகிறோம். தள்ளுபடியான விண்ணப்பங்களைத் தனியாக ஒரு பட்டியலாகவே பார்க்கிறோம்.

இந்தக் குடும்பத்துக்கு அடுத்த வேலை 1942. ஓக் ரிட்ஜ் நில எடுப்புக் கோப்புகளில் தாயாரின் அப்பா குடியிருந்த பண்ணையின் உரிமையாளர் பெயரை மகள் தேடிக்கொண்டிருக்கிறார். 1907 விண்ணப்பத்தில் வந்த பெயர்களை வைத்து லீ கவுண்டிப் பக்கம் தேடுவதை அண்ணனின் பேத்தி எடுத்துக்கொண்டார்.